தமிழாசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த ஆசிரியப் பெருமக்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு நம் கூட்டங்களின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: கதைமாந்தரைக் குறியீட்டு ஓவியம் வழியாக வகுப்பில் அணுகும் பயிற்சி. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"பண்புநலன்களை எழுதுக" என்று கேட்டால் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். கண்ணகி கற்புக்கரசி, மாதவி கலைச்செல்வி. துணைநூலிலிருந்து நேராக விடைத்தாளில் இறங்கும் சொற்கள். அதே மாணவரிடம், "முகத்தை வரையாதே, ஒரு பொருள், ஒரு நிறம், ஒரு வடிவம், இவற்றால் மட்டும் இவரைக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். பாடத்தை மறுபடி புரட்டாமல் அவரால் பென்சிலை எடுக்க முடியாது.

முதற்சுற்றில் கண்ணகிக்குச் சிலம்பு வரைந்தவர்களே மிகுதி. எதிர்பார்த்ததுதான். "உள்ளே என்ன பரல்?" என்று கேட்டபோதுதான் வகுப்பு சூடுபிடித்தது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து. வழக்கு முழுவதும் அதில்தான் நிற்கிறது. உடைக்கும்வரை வேறுபாடு தெரியாது என்பதைக் கண்ணகிக்கே பொருத்தினார் ஒரு மாணவி. சாம்பல்நிற வளையம், உள்ளே சில சிவப்புப் புள்ளிகள். புகாரில் அடங்கியிருந்தவள் அரசவையில் எப்படிப் பேசுகிறாள் என்று கீழே விளக்கமும் எழுதியிருந்தார். துணைநூலில் அது இல்லை.

மாதவிக்கு யாழ் வரைந்தவர்களைவிடக் கடிதம் வரைந்தவர்கள் ஆழமாகப் போனார்கள். தாழை மடலில் எழுதித் தோழி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பிய முதற்கடிதத்தைக் கோவலன் வாங்கவே மறுக்கிறான். மதுரை செல்லும் வழியில், மாதவி தூதனுப்பிய அந்தணன் கோசிகன் தரும் இரண்டாம் கடிதத்தைப் படித்துவிட்டு, தீது தன்னுடையதே என்று உணர்கிறான். மூடிய ஓலை ஒன்று, விரித்த ஓலை ஒன்று. இரண்டுக்கும் இடையில் மாறியது மாதவியா, கோவலனா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்தும் ஓயவில்லை. அதே காதையில், கோவலனை அடையாளம் காண, வாடிய மாதவிக் கொடியைப் பார்த்துக் கோசிகன் பேசுவதையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள். இளங்கோவடிகளே இந்தப் பயிற்சியைச் செய்திருக்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

இது வெளியிலிருந்து வந்த முறை, நமக்கு எதற்கு என்ற கேள்வி கூட்டத்தில் எழுந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் தொல்காப்பியத்தைத் திறந்தார். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கி, தெய்வம் நீங்கலான மற்றவற்றை நிலமாக, அதாவது களமாகக் கொண்டு உள்ளுறை, அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே வைக்கும் குறிப்புப் பொருள், அமையும் என்கிறது அதன் அகத்திணையியல். அதன்பின் அந்தப் பட்டியலையே பயிற்சித்தாள் ஆக்கிவிட்டோம்: இந்தக் கதைமாந்தர் எந்த நிலம், என்ன மரம், என்ன பறவை? இன்றைய சிறுகதைகளுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

குறைகளும் உண்டு. உடைந்த இதயம், கண்ணீர்த்துளி, கெட்டவனுக்குக் கறுப்பு என்று எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய படங்கள் வந்து குவிந்தன. எனவே, ஒவ்வொரு குறியீட்டுக்கும் பாடத்திலிருந்து ஒரு வரியைச் சான்றாக எழுத வேண்டும் என்று விதி செய்தோம். மதிப்பெண் அந்த வரிக்கும் விளக்கத்துக்கும்தான், வரைதிறனுக்குக் கிடையாது. வரையத் தெரியாது என்று ஒதுங்கியவர்கள் வட்டமும் கோடும் கொண்டு நல்ல வேலை செய்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

தேர்வில் மதிப்பெண் இல்லாத வேலைக்குப் பாடவேளையைச் செலவிடலாமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. வண்ணம் தீட்டுவதிலேயே பாடவேளை கழிந்து, பேச நேரமில்லாமல் போன வகுப்புகள் உண்டு. படத்தை வீட்டில் முடித்து, வகுப்பைப் பேச்சுக்கே விடலாம் என்பது என் பரிந்துரை.

வரும் ஆண்டில் ஒரே கதைமாந்தரைக் கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு முறை வரையச் செய்ய எண்ணியுள்ளோம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைப்பதற்கு முன் என்ன குறியீடு என்பதிலிருந்து தொடங்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. பயிற்சித்தாள் நகல்கள் வாயிலருகே மேசையில் உள்ளன, உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையை அவையின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்