மழை நோட்டு வெளியே வந்துவிட்டது

அன்புள்ள குமார்,

பொங்கலுக்குப் பேசியது. அதற்கப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை, தப்புதான். நீயும் எழுதவில்லை, அதையும் மறக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

அப்பா மழை அளவு எழுதிவைத்த நோட்டுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டேன்டா! நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, வீட்டிலிருந்தே வெப்சைட்டாக ஓடவிட்டேன். வீட்டுக்குள் 192.168.1.10 என்று அடித்தால் ஜம்மென்று வருகிறது. ரவுட்டரில் வெப்சைட்டுக்கான வாசல்களான 80, 443 இரண்டு போர்ட்டையும் லேப்டாப்புக்குத் திருப்பினேன். ஃபயர்வாலிலும் திறந்தேன். ஆனால் போனில் வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மூன்று ராத்திரி போயிற்று. வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பார்த்தேன், வெளியிலிருந்து ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. கடைசியில் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தால் 100.81 என்று ஆரம்பிக்கிறது. 100.64-இலிருந்து 100.127 வரை இன்டர்நெட் கம்பெனிகள் தங்கள் வலைக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கியது. அதாவது என் ரவுட்டரே கம்பெனியின் இன்னொரு நேட்டுக்கு (பல பேரை ஒரே பொது முகவரியில் வெளியே அனுப்பும் ஏற்பாடு) பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

மேன்ஷன் போன் ஞாபகம் இருக்கிறதா? ஓனர் "பதினாலாம் நம்பர்!" என்று கத்தினால்தான் நமக்குக் கால். ரவுட்டரில் போர்ட்டைத் திருப்புகிற போர்ட் ஃபார்வர்டிங்கும் அதேதான். இப்போது அந்த ஓனருக்கே சொந்த லைன் இல்லை. ஹெல்ப்லைனில் கேட்டால் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள். மாதாமாதம் முழுப் பணம் வாங்கிக்கொண்டு!

எனக்கு இது வெறும் செட்டிங் பிரச்சினையாகத் தெரியவில்லை. நம் ஆசியப் பக்கத்துக்கான ஐபிவி4, அதாவது பழைய வகை இன்டர்நெட் முகவரிகளின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்களெல்லாம் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். நாம் வெளியே போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் நம் வீட்டு வாசலுக்கு யாரும் வர முடியாது.

சரி, எப்படிச் சரிசெய்தேன் என்று கேள். பொது முகவரியுள்ள ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்தேன். லேப்டாப் இங்கிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் வழியாக அதற்குத் தானே இணைப்புப் போடுகிறது. உள்ளிருந்து வெளியே போவதை யாரும் தடுப்பதில்லையே. 25 நொடிக்கு ஒரு முறை சும்மா ஒரு பாக்கெட் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இல்லையென்றால் நடுவிலுள்ள நேட் நம்மை மறந்துவிடும். முதலில் லேப்டாப்பின் வருகைப் பதிவில் (லாக்) வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த சர்வரின் சுரங்க முகவரியான 10.0.0.1 என்றே பதிவானது. அந்த சர்வரில் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் எஞ்சின்எக்ஸ், வந்தவரின் உண்மையான முகவரியையும் கோரிக்கையின் தலைப்பகுதியில் (ஹெடர்) சேர்த்து அனுப்பும்படி மாற்றியதும் அது தீர்ந்தது. அடுத்து புதிய வகை முகவரியான ஐபிவி6. அதில் லேப்டாப்புக்கே சொந்த முகவரி உண்டு, ரவுட்டர் ஃபயர்வாலில் 443-ஐ மட்டும் திறந்தால் போதும். ஆனால் என் இணைப்பில் அந்த முகவரியின் முன்பகுதி அடிக்கடி மாறுகிறது, அதற்கு உன் மூளை வேண்டும்.

வெப்சைட் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். 1977 நவம்பர் 12 பக்கத்தைத் திறந்து பார். நாகப்பட்டினம் புயல் நாள். மில்லிமீட்டர் எழுதும் கட்டத்தில் எண் இல்லை. "அளவியைக் காணோம்" என்று மழைமானியைப் பற்றி அப்பா எழுதியிருக்கிறார். மை கரைந்திருக்கிறது. உனக்குத் திறக்கிறதா என்று உடனே சொல்.

உன்
செல்வம்