சிறுகதை வாசகர் வட்டம், கோத்தகிரி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கட்டபெட்டு, குன்னூர், பக்கத்து ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் ஒரே ஒரு தீர்மானம்தான் நிறைவேறியது. வீட்டில் படித்துவிட்டு வந்து பேசுவதை நிறுத்தி, கூட்டத்திலேயே கதையை முழுவதும் வாய்விட்டுப் படித்த பிறகு பேசுவது என்பது அது. அதற்கு முன்பெல்லாம் படித்து வந்தவர் கதைச் சுருக்கம் சொல்வார். சுருக்கத்தைக் கேட்டவர்கள் கருத்துச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் போகும். ஆசிரியர் எழுதிய ஒரு வாக்கியம்கூட அறையில் ஒலித்திருக்காது. இந்த ஆண்டு அது மாறியது.

முறை இதுதான். நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் போகும். 3,000 சொல் கதைக்கு அரை மணி நேரம். அதைவிட நீளமானால் இரண்டு பேர் படிக்கலாம், ஆனால் கதையில் இடைவெளி விட்ட இடத்தில்தான் குரல் மாற வேண்டும். பத்திக்கு நடுவே மாறினால் கேட்பவர் மனம் அறுந்துவிடுகிறது. படிப்பவர் முதல்நாள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். இடையில் யாரும் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் ஐந்து நிமிடம் பேச்சே கிடையாது. பிறகு வரும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: இந்தக் கதையை யார் சொல்கிறார், அவருக்கு எவ்வளவு தெரியும்? கருத்துச் சொல்பவர் எந்த வரியை வைத்துச் சொல்கிறார் என்று காட்ட வேண்டும். கடைசிப் பத்தியை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுக் கலைகிறோம்.

"கதை என்ன சொல்ல வருகிறது?" என்ற கேள்வியை முதல் அரை மணி நேரம் யாரும் கேட்கக் கூடாது என்று தள்ளி வைத்தோம். அது முதலில் வந்தால் ஒருவர் நீதியைச் சொல்லிவிடுவார், பிறகு கதைக்குள் போக யாருக்கும் வழியிருக்காது. ஆசிரியரின் வாழ்க்கை வரலாறும் அப்படியே, கடைசிக்குத்தான்.

கு.ப.ராஜகோபாலனின் 'விடியுமா?' இந்த முறைக்கு நல்ல தொடக்கமாக அமைந்தது. தந்தி வந்த பிறகு அக்காளும் தம்பியும் ரயிலில் கழிக்கும் ஓர் இரவுதான் கதை. சொல்பவன் தம்பி. அக்காளின் மனசு அவளுடைய பேச்சிலும் அசைவிலும் அவனுக்குத் தெரிகிற அளவுக்குத்தான் நமக்கும் தெரியும். வேகமாகப் படித்தால் இந்தக் கதையில் ஒன்றும் மிஞ்சாது. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே உள்ள மௌனத்துக்கு இடம் விட்டுப் படிக்க வேண்டும்.

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதைக்கு வேறு ஒரு வழி கைகொடுத்தது. சாரங்கன் என்ற சிறுவன் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி அன்பளிப்பு என்று எழுதித் தரக் கேட்கும் இடம் வந்ததும், பேச்சைத் தொடங்காமல் முதல் பக்கத்துக்குத் திரும்பி, சாரங்கன் பெயர் வரும் இடங்களை மட்டும் வரிசையாகப் படித்தோம். மற்றக் குழந்தைகளின் ஆரவாரத்தில் அவனை வாசகரும் கவனிக்காமல் கடந்து வந்திருப்பது அப்போது புரிந்தது. முடிவு திடீரென வந்ததாகத் தோன்றுகிற கதை எதற்கும் இந்த வழி பொருந்தும்.

அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' முதலில் சரியாக வரவில்லை. நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்தவர் புலியாக மாறும் இடத்தை நாடகக் குரலில் படித்ததால் கேட்டவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த நடை தட்டையானது; சொல்பவர் தம் வியப்பைக் குரல் உயர்த்திச் சொல்பவர் அல்ல. அடுத்த கூட்டத்தில் அதே இரண்டு பக்கங்களைச் செய்தி படிப்பதுபோல் படித்தபோது அறை அடங்கிப்போனது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதைக்குக் கரும்பலகையில் வீட்டின் படம் வரைந்தோம். சமையலறை எங்கே, ஜன்னல் எங்கே, வெளியே மலை எந்தப் பக்கம், துணி காயப்போடும் கயிறு எங்கே வருகிறது என்று குறித்தால் கதையின் பாதி விவாதம் தானே முடிந்துவிடும். ராஜஸ்தானத்து வீடுதான். ஆனாலும் ஜன்னலில் தெரியும் மலையைத் துணி மறைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையிலும் அப்படித்தான். கரிசல் சொற்கள் சிலருக்குத் தடையாக இருந்தன. கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுவது என்றால் என்ன என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. தடையான சொற்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஒட்டினோம். பத்துச் சொல்லுக்கு மேல் போனால் பட்டியல் பாடமாகிவிடுகிறது.

இந்த ஆண்டின் மிகச் செறிவான கூட்டம் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'க்கு அமைந்தது. நீளம் கருதி இரண்டு அமர்வாகப் பிரித்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பிய குடும்பத்தினர் நம் வட்டத்தில் பலர் இருக்கிறார்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி (தொழிலாளரை மேய்ப்பவர்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) என்ற சொற்களுக்கு அவர்களே உரையாசிரியர்கள். எந்த விவரம் தோட்டத்தில் அப்படியே நடப்பது, எந்த இடத்தில் கதைக்காக வேகம் கூட்டப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டினார்கள். நூல் படித்தவர்கள் மட்டுமே இருக்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சு கிடைக்காது. இவ்வகைக் கதைகளை இனியும் தேடிச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'துன்பக்கேணி' அமர்வில் மூன்று பேர் கையில் மூன்று பதிப்புகள் இருந்தன, சொற்கள் ஒத்துப்போகவில்லை. புதுமைப்பித்தனுக்கு 2000இல் காலச்சுவடு வெளியிட்ட, ஆ.இரா.வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பையே இனி பொதுப் பிரதியாகக் கொள்கிறோம். இணையத்திலிருந்து எடுத்த தாள்களில் பெரிய குறை எழுத்துப்பிழை அல்ல. காலம் மாறுவதைக் காட்டும் இடைவெளிகள் மறைந்து பத்திகள் ஒட்டிக்கொள்வதுதான். அச்சு நூலோடு ஒப்பிட்டு, இடைவெளி வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டே நகல் எடுக்க வேண்டும். நகல் எடுப்பதிலும் வரம்பு உண்டு. ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தால்தான் பதிப்புரிமை தீரும். 1944இல் மறைந்த கு.ப.ரா.வுக்குத் தடையில்லை. இன்று எழுதுகிறவர்களின் நூல்களை விலைக்கு வாங்குகிறோம், அல்லது நூலகத்திலிருந்து எடுக்கிறோம். எழுதுகிறவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

நம் அலமாரி நூல்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்தன. அலமாரி சுவரோடு ஒட்டியிருந்ததே காரணம். இப்போது நான்கு விரற்கடை தள்ளி வைத்திருக்கிறோம். நூல்களை நெருக்கி அடுக்கக் கூடாது, காற்றுப் போக வேண்டும். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் பரவும். நிழலில் உலரவிட்டு, காய்ந்த பிறகு மென்மையான தூரிகையால் வாசலுக்கு வெளியே வைத்துத் தட்ட வேண்டும். நேர்வெயிலில் வெகுநேரம் வைத்தால் முதுகுப் பசை விரிந்து தாள் கழன்றுவிடும்.

கூட்ட நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றியதால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க யாரும் நடுவில் எழ வேண்டியிருக்கவில்லை. மின்தடைக்காக வாசிப்புப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

வரும் ஆண்டுக்குத் தி.ஜானகிராமனின் 'பாயசம்', ஜெயமோகனின் 'யானை டாக்டர்' இரண்டும் உறுதி. பின்னது நீளம், இரண்டு அமர்வு ஆகும். முதுமலைப் பக்கத்து உறுப்பினர்கள் அதற்கு அவசியம் வர வேண்டும். 'பாயசம்' படிக்க இரண்டு பேர் தேவை. கதையின் முக்கியப் பாத்திரமான சாமநாதுவின் மனத்துக்குள்ளேயே ஓடும் பேச்சையும் வாய்விட்டுச் சொல்லும் பேச்சையும் குரலில் பிரித்துக் காட்டத் தெரிந்தவர்கள், இன்று கலைவதற்குள் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்