மாஸ்டருக்கு ஒரு வானொலி

ஒஸ்லோ

அன்பின் மச்சான்,

நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாஸ்டர் லண்டனுக்கு வந்து சேர்ந்த செய்தியைக் கட்டையன் சொல்லித்தான் அறிந்தேன். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த மனிதர் உன் வீட்டில் இருக்கிறார், நீ ஒரு வரி எழுதவில்லை. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது அவசரமான விடயம் வேறு.

அவருக்கு வானொலி வாங்கப் போகிறாயாம். பழைய சாமான் சந்தையில் மலிவாக ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறாயாம். அக்காவோ வானொலியே வேண்டாம், கைபேசியும் பேசும் ஒலிபெருக்கியும் போதும் என்கிறாவாம். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் எதையும் வாங்க வேண்டாம். நான் இதை மூச்சுப் பிடித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஜனவரியில் அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உனக்குச் சொல்லவில்லை, சொல்லும் நிலையில் அப்போது நாங்கள் யாரும் இல்லை. அம்மாவுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது உனக்குத் தெரியும். சுவர்க்கடிகாரத்தின் முள் அவருக்குத் தெரியாது. ஊரில் அது ஒரு குறையாகவே இருந்திருக்காது. அங்கே வருடம் முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் எழும்பும். வெளிச்சம் பார்த்து எழுந்தால் போதும். இங்கே டிசம்பர் கடைசியில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடிகிறது. ஜூனில் நான்கு மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கிறது. போதாதற்குப் பனி விழுந்த இரவில் தெருவிளக்கின் ஒளி பனியில் பட்டு அறைக்குள் வெள்ளையாக வந்து விழும். அப்படி ஒரு நாள் நடுச்சாமத்தில் விடிந்துவிட்டது என்று எழுந்து, முகம் கழுவி, விளக்கேற்றி, காலை நீரிழிவு மாத்திரையையும் போட்டுக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை விரதம் வேறு, ஒன்றும் சாப்பிடவில்லை. நாங்கள் எழுந்து பார்த்தபோது சாமிப்படத்துக்கு முன்னால் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறியது. 113ஐ அழைத்தோம். வந்தார்கள், காப்பாற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், நேற்றுக்கூட உன்னை விசாரித்தார்.

மருத்துவமனையில் ஒரு தாதி கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "உங்கள் அம்மாவுக்கு நேரத்தை யார் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம், ஒருவரிடமும் பதில் இல்லை.

முதலில் கைபேசியில் அலாரம் வைத்துப் பார்த்தோம். கண்ணாடித் தட்டில் விரல் எங்கே பட்டாலும் ஏதோ ஒன்று நடக்கிறது. நிறுத்தப் போனால் யாருக்கோ அழைப்புப் போகிறது. இரவில் மின்னேற்றப் போட்டவர் அதைச் சமையலறையில் விட்டுவிடுகிறார். அலாரம் அங்கே யாருமில்லாமல் அடித்து ஓய்கிறது. அதனால்தான் டிஜிட்டல் வானொலி வாங்கினேன். புளூடூத், இரண்டு அலாரம், திருகுவதற்கு ஒரு நல்ல குமிழ், விரலுக்குத் தெரியும்படி எழும்பி நிற்கும் பொத்தான்கள். மாஸ்டருக்கும் இந்தக் கடைசி இரண்டும் கட்டாயம். முகப்பு முழுவதும் தொடுதிரையாக இருக்கும் ஒன்றை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கையால் தொடாதே.

இங்கே டிஜிட்டலைத் தவிர வேறு வழியுமில்லை. 2017 ஜனவரியில் நூர்லான்ட் மாகாணத்தில் தொடங்கி, அந்த டிசம்பரில் வட கோடியோடு, தேசிய வானொலிகளின் எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். உலகத்தில் முதலில் செய்தது நோர்வேதான். நான் அந்த வட கோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் நின்ற காலத்தில் மேசைக்கு மேலே தொங்கிய அந்தப் பெட்டி இப்போது இருந்தால் தேசியச் செய்தி கேட்க உதவாது. உங்களுக்கு எஃப்.எம். இன்னும் இருக்கிறது, 2030 வரையாவது இருக்கும் என்கிறார்கள். எனவே இரண்டும் உள்ளதாக வாங்கு. பிபிசி 1995இலேயே டி.ஏ.பி. என்ற இந்த டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது; நீ பார்த்து வைத்திருக்கும் பழைய பெட்டி அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் டி.ஏ.பி. பிளஸ் எடுக்காது. பிளஸ் முறை 2007இல்தான் வந்தது, ஒலியைச் சுருக்கும் விதமே வேறு. பல நிலையங்கள் இப்போது அதில் மட்டும்தான் கேட்கும். பெட்டியில் அந்தக் கூட்டல் குறி இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். உன் மலிவு விலைப் பைத்தியம் எனக்குத் தெரியும்.

இனி அலாரம். இதுதான் முக்கியம், நிதானமாக வாசி.

நேரத்தை நீ வைக்கத் தேவையில்லை. ஒலிபரப்போடு நேரமும் சேர்ந்து வருகிறது, வானொலி அதைப் பார்த்துத் தானாகவே சரிசெய்துகொள்ளும். மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மணி மாறும்போது எங்கள் வீட்டில் அம்மாவின் அறைதான் முதலில் சரியாக இருக்கும். மின்சாரம் போய் வந்தாலும் அப்படியே. ஆனால் வைத்த அலாரம் நினைவில் நிற்கிறதா என்பது பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். கடையிலேயே ஒரு அலாரம் வைத்து, செருகியை இழுத்து, திரும்பச் செருகிப் பார். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அலாரத்தை ஒருமுறை, தினமும், வேலைநாள், வார இறுதி என்று பிரித்துக் கேட்கும். தினமும் என்பதைத் தெரிவு செய். சனிக்கிழமை என்பதால் மாத்திரை ஓய்வெடுப்பதில்லை.

எதனால் எழுப்புவது என்பது அடுத்தது. பீப் ஒலியா, வானொலியா? பீப் என்றால் எங்கள் வீட்டில் பெரும் கலவரம். இங்கே எல்லா வீட்டுக் கூரையிலும் புகை எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். அம்மாவுக்கு இரண்டு சத்தமும் ஒன்றுதான். தீப்பிடித்துவிட்டது என்று நடைக்கு ஓடி வந்தார். அதனால் அரச வானொலியின் முதலாம் அலைவரிசையை வைத்தேன். ஏழு மணிக்குச் செய்தி. அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி அதிகம் வராது, ஆனால் எண்கள் தெரியும், செய்தியின் முகப்பு இசை தெரியும், வாசிப்பவர்களின் குரல்களும் பழகிவிட்டன. அந்தக் குரல் கேட்டால்தான் காலை. கேட்காவிட்டால் எவ்வளவு வெளிச்சம் தெரிந்தாலும் மாத்திரைப் பெட்டியைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதியை அம்மா தேவாரம் போல மனதில் பதித்துக்கொண்டார். நிலையம் கிடைக்காவிட்டால் எங்கள் பெட்டி தானாகவே பீப் ஒலிக்கு மாறும். அதையும் ஒரு நாள் வேண்டுமென்றே அடிக்க வைத்துக் காட்டினேன்.

மாஸ்டர் செய்தி கேட்காமல் பல் துலக்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கு ஆங்கிலச் செய்தியில் எழுவது பிடிக்கும். அலாரத்தின் ஒலி அளவைத் தனியாக வைக்கலாம். அதை நீ நினைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டியே வை. வயதானவர்கள் எந்தக் காதை அழுத்திப் படுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

புளூடூத்தைப் பற்றி உன் அக்காவுக்கு நல்ல எண்ணம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஒலிபரப்பில் வராத நம் பாட்டும் தேவாரமும் ஊர்ச் செய்தியும் கைபேசிக்கு வருகின்றன, அங்கிருந்து கம்பியில்லாமல் அம்மாவின் பெட்டிக்குப் போகின்றன. மாலையில் அந்த அறையில் நாதஸ்வரம் கேட்கும்போது எனக்கே வேலைக் களைப்புப் போய்விடுகிறது. சில பழக்கங்கள் மட்டும் வேண்டும். கைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, ஏற்றுவதும் இறக்குவதும் வானொலிக் குமிழில் நடக்கட்டும். இல்லாவிட்டால் எங்கே குறைந்திருக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும். பத்து மீற்றர்தான் கணக்கு, நடுவில் கொங்கிரீட் சுவர் வந்தால் அதுவும் இல்லை. கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போனால் பாட்டு அறுந்துவிடும். எங்கள் பெட்டி ஒரு நேரத்தில் ஒரு கைபேசியோடுதான் சேரும். மகனின் கைபேசி முந்திக்கொண்டால் அம்மாவின் பதிகம் வெளியே நிற்கும். அவனுக்கு வரும் குறுஞ்செய்தி மணியெல்லாம் அம்மாவின் தலைமாட்டில் அடிக்கும். அந்த இணைப்பை அழித்துவிட்டேன். மாஸ்டரின் பெட்டியோடு ஒரேயொரு கைபேசியை மட்டும் சேர்த்து வை. உன் பிள்ளைகள் அழுதாலும் விட்டுக்கொடுக்காதே.

எங்கள் வானொலியில் புளூடூத்தை அலாரமாக வைக்க முடியாது. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையில் தேவாரத்தோடு எழுந்தால் அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம்! யோசித்துப் பார்த்தபோது அப்படிச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. புளூடூத்தில் வரும் பாட்டு இன்னொரு கருவியின் தயவில் வருகிறது. அந்தக் கருவியில் மின்னேற்றம் இருக்க வேண்டும், அது பக்கத்தில் இருக்க வேண்டும், யாரோ பாட்டைத் தொடங்கவும் வேண்டும். அலாரம் அப்படி யாருக்கும் காத்திருக்கக் கூடாது, மச்சான். மாலைப் பாட்டு எங்கிருந்தும் வரட்டும்; காலை மட்டும் அந்தப் பெட்டியிலிருந்தே வர வேண்டும். அக்காவின் பேசும் ஒலிபெருக்கியை நான் மறுப்பதும் இதனால்தான். அதற்கு வீட்டு இணையம் வேண்டும், எங்கோ இருக்கும் கணினி வேண்டும். இங்கே குடிமக்கள் பாதுகாப்புக்கான இயக்குநரகம் 2024இல் வீடு வீடாகக் கையேடு அனுப்பியது. ஒரு வாரத்துக்கு வேண்டிய தண்ணீர், உணவோடு மின்கலத்தில் இயங்கும் டி.ஏ.பி. வானொலியையும் பட்டியலில் சேர்த்திருந்தது. வசதிக்குக் குறைவில்லாத நாடு இது. அதுவே மின்சாரமும் இணையமும் போகும் நாளுக்கு வானொலியைத்தான் நம்பச் சொல்கிறது.

நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டுமா? மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த அந்த யுத்த ஆண்டுகளில் சைக்கிள்கடை அண்ணையின் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை உயிர்ப்பித்துப் பிபிசியின் தமிழோசை கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி மங்கும். நீ களைத்தாய் என்று மாஸ்டர் உன்னை விலக்கிவிட்டுத் தானே சுற்றிய இரவு எனக்கு நினைவிருக்கிறது. செய்தி முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீதியில் எந்தப் பக்கம் போகலாம், யார் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் தெரிய வந்தது. தமிழோசையும் 2017இல்தான் நின்றது. அந்த மனிதரின் தலைமாட்டில் வைக்கப் போகும் வானொலிக்கு இருபது பவுண் மிச்சம் பார்க்காதே.

ஒரு முறைப்பாடும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது அலாரத்தை இரவு எட்டு மணி மாத்திரைக்கு வைத்திருக்கிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எட்டு மணியானால் வானொலி புளூடூத்தை வெட்டிவிட்டு நோர்வேஜியக் குரலுக்குப் போகிறது. அலாரத்தை நிறுத்தினாலும் பாட்டு தானாகத் திரும்பாது. புளூடூத் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். அம்மா சில வாரம் இதற்காக என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் பொத்தானில் ஒரு துணித்துண்டை ஒட்டிக் கொடுத்தேன், இப்போது தானே தடவிப் பார்த்து அழுத்துகிறார். நீயும் அலாரத்தை நிறுத்தும் பொத்தானில் ஒன்று, புளூடூத்தில் வேறு மாதிரி ஒன்று என்று ஒட்டிவிடு. அன்டெனாவை முழுதாக இழுத்து, நிமிர்த்தி, சன்னலோரமாக வை. எஃப்.எம். மங்கினால் இரைச்சலோடாவது கேட்கும். டிஜிட்டல் அப்படியில்லை, நன்றாகக் கேட்கும், திடீரென்று கொப்பளிக்கும், பிறகு ஒன்றுமே வராது. சமையலறையில் இன்னொரு வானொலி இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதே. ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி ஒலிக்கும். காது மந்தமானவருக்கு அது வெறும் குழப்பம்.

மாஸ்டரிடம் ஒரு விடயம் கேட்க வேண்டும். மாமி பாடிய திருப்புகழ் ஒலிநாடா அவரிடம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதைக் கைபேசியில் பதிந்து அனுப்பு. மாமி போன பிறகு அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று அம்மா இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டார். மாஸ்டருக்குக் கேட்க முடியுமா என்பதை முதலில் பார்த்துக்கொள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

வானொலியைத் தெரிவு செய்ததும், பணம் கட்டுவதற்கு முன், படம் எடுத்து அனுப்பு. முகப்பை மட்டும் எடுக்காதே. மேற்புறப் பொத்தான்களும், பின்னால் மின்கலம் போடும் இடமும் தெரிய வேண்டும். அவர் காலையில் எத்தனை மணிக்கு எழ விரும்புகிறார், என்ன மாத்திரை எப்போது என்பதையும் எழுது. முதல் தரம் அலாரம் வைக்கும்போது என்னை அழை, சேர்ந்தே வைப்போம்.

அன்புடன்,
நெட்டையன்