தனுஷ்கோடி போறேன்னு கெளம்பி கடலூர் முதுநகர்ல நின்ன கதை

டேய் மாப்ள,

உன் கடிதாசி போன திங்கக்கெழமையே வந்துடுச்சு, பதில் போட லேட்டாயிடுச்சுன்னு கோச்சுக்காத, பேரன் ஒரு வாரம் வந்து இருந்தான், அவன் இருந்தா பேனாவ கையில எடுக்க முடியாது. முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம்டா. ஆனா படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னத எழுதிட்டு அடுத்த பத்தியிலயே டெம்போ ட்ராவலர் ஒண்ணு வாங்கி உள்ள கட்டில் கிச்சன்லாம் போட்டு ஊர் ஊரா சுத்தலாம்னு இருக்கேன், நீ என்ன சொல்றன்னு கேட்டிருக்க பாரு, அத சத்தமா படிச்சேன், உன் தங்கச்சி அடுப்படியில நின்னு சிரிச்ச சிரிப்பு தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். அவ சிரிச்சது உன் முட்டிய நெனச்சு இல்ல. எங்க கதைய நெனச்சு.

நம்ம பட்டாணி அப்படி ஒரு வண்டி பண்ணி வெச்சிருக்கான்ல, முதலியார்பேட்டையில வீட்டு வாசல்லயே நிக்கும், நீ பாத்திருக்க மாட்ட. பழைய டூரிஸ்ட் வண்டி, சீட்டெல்லாம் கழட்டிட்டு ரெண்டு கட்டில், சிங்க், நூறு லிட்டர் தண்ணி டேங்க், ரெண்டு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி, மேல சோலார். பாக்க அம்சமாத்தான் இருக்கும். அதுல பட்டாணி, வாத்தி, நான் மூணு பேரும் ஆறு நாள்ல தனுஷ்கோடி போய்ட்டு வர்றதுன்னு திட்டம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, கோடியக்கரைன்னு கடலோரமாவே. வாத்தி ஸ்கூல் டைம் டேபிள் மாதிரியே போட்டு ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொண்ணு குடுத்தான், எத்தன மணிக்கு டீன்னு கூட அதுல இருக்கு.

செப்டம்பர் 30 காலைல பாண்டியிலேர்ந்து வந்து கடலூர் மஞ்சக்குப்பத்துல என்னய ஏத்திக்கிட்டாங்க. உன் தங்கச்சி புளிசோறு கட்டிக் குடுத்து ஏதோ நான் காசிக்கு போற மாதிரி திருநீறு பூசி அனுப்புறா. சிப்காட் கிட்ட போறோம், பின்னாடி பளார்னு ஒரு சத்தம், வண்டி இடது பக்கம் சாஞ்சிடுச்சு. எறங்கி குனிஞ்சு பாத்தா கமான் பட்டையில, ஆக்ஸில் மேல அடுக்கடுக்கா இருக்குமே அந்த ஸ்ப்ரிங், அதுல மெயின் பட்டை ரெண்டா நிக்குது. என் வீட்டுலேர்ந்து பத்து கிலோமீட்டர் கூட இருக்காதுடா. புளிசோறு இன்னும் சூடா இருக்கு.

மெயின் பட்டை போச்சுன்னா அப்படியே ஓட்டக்கூடாது, ஆக்ஸில எடத்துல புடிச்சு வெக்கறதே அதுதான், நகர்ந்துச்சுன்னா வண்டி நம்ம பேச்ச கேக்காது. நல்லவேளை, ரெண்டாவது பட்டையோட வளைவு மெயின் பட்டை முனையில இருக்கற வளையத்தச் சுத்தி இருந்ததால கொஞ்சம் தாங்கிடுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரர் ஒருத்தரு நாங்க கேக்காமலே எறங்கி ஜாக்கி போட்டு தூக்கி, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல கட்டைய சொருவி சங்கிலி போட்டு கட்டி, இருபதுக்கு மேல மிதிக்காதீங்க சார்னு சொல்லிட்டு டீ கூட குடிக்காம போய்ட்டாரு. அப்படியே உருட்டிக்கிட்டு முதுநகர்ல ஒரு ஸ்ப்ரிங் பட்டறையில கொண்டு போய் நிறுத்துனோம்.

பட்டறைக்காரரு ஒடஞ்ச துண்ட கையில எடுத்து காட்டுனாரு பாரு, அத நான் மறக்க மாட்டேன். ஒடஞ்ச எடத்துல பாதி துரு புடிச்சு பழுப்பா இருக்கு, மீதி வெள்ளி மாதிரி மின்னுது. பழுப்பா இருக்கறது எப்பவோ விட்ட விரிசல், மின்னுறதுதான் இன்னிக்கு ஒடஞ்சதுன்னாரு. ஃபெஞ்சல் புயலப்ப இந்த வண்டி ரெண்டு நாள் தண்ணியில நின்னுது, அப்பவே பட்டைய பிரிச்சு பாத்திருக்கணும். பட்டாணி அப்ப சீட் கவர மட்டும் வெயில்ல காய வெச்சான்.

மறுநாள் ஆயுத பூஜை! டைம் டேபிள் போட்ட வாத்திக்கு இது தோணல பாரு. காலைல புதுப் பட்டை பார்சல்ல வந்து எறங்கிடுச்சு, ஆனா ஸ்பேனர், சம்மட்டி, ஜாக்கி எல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு சாமி படத்துக்கு முன்னாடி படுத்திருக்கு, யாரும் தொட மாட்டாங்க. எங்க வண்டிக்கும் மால போட்டு, பூசணிக்கா சுத்தி ஒடச்சு, டயருக்கு கீழ எலுமிச்சம்பழம் வெச்சாரு. வெச்சுட்டு ஏத்துங்க சார்ங்கறாரு. எங்கேர்ந்து ஏத்தறது, வண்டி நாலு கட்டை மேல நிக்குது. பட்டாணி அந்த பழத்த எடுத்து டேஷ்போர்டுல வெச்சுக்கிட்டான், ரெடியானதும் நசுக்கறேன்னு.

அதவிட கூத்து, மொத நாள் ராத்திரி எங்க படுக்கறதுன்னு. என் வீடு இங்கதான இருக்கு, ஆட்டோ புடிச்சா முடிஞ்சது. ஆனா தனுஷ்கோடிக்கு வழியனுப்புனவ முன்னாடி சாயங்காலமே போய் எப்படிடா நிக்கறது. அதனால பட்டறையிலயே சாஞ்ச வண்டிக்குள்ள படுத்தோம், உருண்டு உருண்டு மூணு பேரும் ஒரே பக்கம் சேந்துட்டோம். போதாக்கொறைக்கு பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி தண்ணி பம்பு தானா டுர்ர்ருன்னு ஓடுது. காலைல பாத்தா பேட்டரி 11.7 வோல்ட். டியூபுலர் பேட்டரி 12-க்கு கீழ போனாலே அதுக்கு ஆயுசு கொறையும்னு உனக்கு தெரியும். குலுக்குன குலுக்கல்ல ஒரு ஹோஸ் ஜாயிண்ட் லூசாகி சொட்டியிருக்கு, லைன்ல பிரஷர் எறங்க எறங்க பம்பு எந்திரிச்சு ஓடியிருக்கு, அவ்ளோதான். டெஃப்லான் டேப் சுத்தி கிளிப்ப டைட் வெச்சா போதும், ஆனா ஸ்க்ரூ டிரைவரும் பூஜையில! காய் வெட்டுற கத்தி முனையிலதான் முறுக்குனேன். நீ வாங்கினா ராத்திரி படுக்கும்போது பம்பு ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு படு.

காலைல துறைமுகத்துக்கு நடந்து போய் சங்கரா மீனு வாங்கிட்டு வந்து வண்டியிலயே கொழம்பு வெச்சோம், பட்டறை பசங்களுக்கும் சேத்து. அங்க எங்க தெருக்காரம்மா ஒண்ணு என்னய பாத்துத் தொலைச்சிருக்கு. பதினோரு மணிக்கு உன் தங்கச்சி போன்: "என்னங்க, ராமேஸ்வரத்துல சங்கரா என்னா வெல?"

அப்புறம் என்ன, ராத்திரி சாப்பாடு மஞ்சக்குப்பத்துலதான்.

அக்டோபர் 2 விஜயதசமி, சாஸ்திரத்துக்கு ஒரு போல்ட்ட முறுக்கிட்டு கடைய சாத்திட்டாங்க. காந்தி ஜெயந்தி வேற, டாஸ்மாக்கும் கெடையாது, அதனால மூணு பேரும் தெளிவா ஒக்காந்து சண்ட போட்டோம். வாத்தி, வண்டி கெடக்கட்டும் பஸ்ல வேளாங்கண்ணி போலாங்கறான். பட்டாணி வண்டிய விட்டுட்டு வர மாட்டேங்கறான். பெரிய சண்ட காசுக்குதான், ரிப்பேர் செலவு ஓனரோடதா, டூர் கணக்கா? வாடகை வண்டி ஒடஞ்சா நாமளா குடுப்போம்னு வாத்தி கேட்டான். நான் பட்டாணி பக்கம் பேசல, ஆனா வாத்தி ஏத்துன சாமானு எனக்கு தெரியும், ரெண்டு மூட்டை அரிசி பருப்பு, அப்புறம் ஒரு டேபிள் டாப் கிரைண்டர்! வேன்ல தோசை மாவு ஆட்டப் போறானாம்.

மூணாந்தேதி மதியம் பட்டை மாட்டி முடிச்சதும் பட்டறைக்காரரு எடை மேடைக்கு போங்கன்னாரு. மொதல்ல முழு வண்டி, அப்புறம் இடது பக்க சக்கரம் மட்டும் மேடையில ஏத்தி, அப்புறம் வலது பக்கம் மட்டும். இடது பக்கம் 240 கிலோ அதிகம்டா. கூட்டிப் பாரு, நூறு லிட்டர் தண்ணின்னா நூறு கிலோ, ரெண்டு பேட்டரி கிட்டத்தட்ட நூறு, சிலிண்டர் முப்பது, எல்லாம் ஒரே பக்கம், அதுவும் பின்னாடி கடைசியில. கார்பெண்டர் எடத்த பாத்தானே தவிர எடைய பாக்கல. இன்னொரு பட்டை சேத்து போட்டுடலாமான்னு பட்டாணி கேட்டதுக்கு, பட்டை மேல தப்பில்ல சார், உங்க வீட்டு மேலதான் தப்புன்னுட்டாரு. ஒரு பேட்டரிய வலது பக்கம் மாத்தினோம், டேங்க்ல பாதிக்கு மேல ரொப்பறதில்லன்னு வெச்சுக்கிட்டோம், கிரைண்டர் என் வீட்டுல எறங்குச்சு. பில்லு 11,300 ஆச்சு. பட்டை, அத ஆக்ஸிலோட சேத்து புடிக்கற யூ போல்ட் எல்லாம் பட்டாணி காசு, கூலி மூணு பங்கு. அன்னிக்கு ஒரு சட்டமும் போட்டோம்: வண்டி நின்னா ஓனர் சொல்றது, வண்டி ஓடுனா மூணு பேரு ஓட்டு.

வாத்தி பொண்ண ஆறாந்தேதி பொண்ணு பாக்க வர்றாங்க, இருக்கறது ரெண்டே நாள். தனுஷ்கோடி அவ்ளோதான். புது யூ போல்ட்ட நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி டைட் வைக்கணும்னு பட்டறைக்காரரு சொல்லியிருந்தாரு. நூறு கிலோமீட்டர்ல எந்த ஊரு வருதுன்னு மேப்ப பாத்தோம், தரங்கம்பாடி கிட்ட வந்துச்சு. சரி, போல்ட்டே சொல்லிடுச்சுன்னு அங்க போய், டேனிஷ்காரன் 1620-ல கட்டுன கோட்டைய பாத்துக்கிட்டே வண்டிக்கடியில படுத்து ஸ்பேனர் புடிச்சோம். ரெண்டு போல்ட் நெஜமாவே கால் சுத்து ஏறுச்சு. வர்ற வழியில பிச்சாவரத்துல படகு. வாத்தி அந்த ஜெராக்ஸ்லயே அடிச்சு திருத்தி எழுதிக்கிட்டான், டீ டைம் மட்டும் மாறல.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். வாங்கு. ஆனா விக்கறவன் சோலாரு டிவின்னு காட்டறத பாக்காத, மொதல்ல எடை மேடைக்கு கூட்டிட்டு போ. ஆர்.சி. பாரு, உள்ள மாத்துனதெல்லாம் அதுல ஏறியிருக்கான்னு, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்டிஓ அனுமதி இல்லாம வண்டிய மாத்தக்கூடாது. பட்டாணி அத பண்ண ஆறு மாசம் அலைஞ்சான். ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஹோஸ் கிளிப், எம்-சீல் எப்பவும் வண்டியிலயே கெடக்கட்டும். பண்டிகை காலண்டர பாத்துட்டு கெளம்பு, இத தனியா சொல்லணுமா.

பொங்கல் முடிஞ்சு மறுபடி தனுஷ்கோடிக்கு கெளம்பறோம், நீயும் வர்றன்னு பட்டாணி முடிவே பண்ணிட்டான், முட்டிக்காக வண்டிக்கு ஒரு படி எக்ஸ்ட்ரா வெல்டிங் வெக்கறானாம். எலுமிச்சம்பழம் இன்னும் டேஷ்போர்டுலயே காஞ்சு கெடக்கு. உன் வீட்டுல தங்கச்சிய கேட்டேன்னு சொல்லு. அப்புறம் உன் எடை இப்ப எவ்ளோன்னு மறக்காம எழுது, எந்தப் பக்கம் படுக்க வைக்கறதுன்னு பாக்கணும்.

உன்,
நெட்டை