கேமராவில் இனம் கூடினால் கடலில் கூடியதாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கேமரா இறக்கி மீன் இனங்களைக் கணக்கெடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த வேலையைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவதில்லை என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால், முன்பு நீரில் மூழ்கி எண்ணியபோது கிடைத்ததைவிட இப்போது கேமராவில் அதிக இனங்கள் தெரிகின்றன, ஆகவே மீன்வளம் கூடியிருக்கிறது என்று முடித்திருப்பது சரியில்லை. போன வருட நெல்லைப் படியால் அளந்துவிட்டு, இந்த வருட நெல்லைத் தராசில் நிறுத்து, விளைச்சல் கூடிவிட்டது என்பதுபோல் இருக்கிறது.

மூழ்கி எண்ணுபவர் வழக்கமாக 50 மீட்டர் நாடாவை விரித்து, 5 மீட்டர் அகலத்துக்குள் தெரிகிற மீனை எண்ணுவார். 250 சதுர மீட்டருக்கு இத்தனை என்று கணக்கு வரும். இரை கட்டி இறக்கும் கேமராவுக்கு அப்படிப் பரப்பளவு எதுவும் கிடையாது. இரையின் வாடை நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தோடு, எவ்வளவு தூரம் போனது, எத்தனை மீட்டருக்கு அப்பாலிருந்து களவா மீன் தேடி வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போதாததற்கு, ஆளையும் காற்றுக்குமிழிகளையும் கண்டு ஒதுங்கும் மீன்கள் கேமராவுக்கு ஒதுங்குவதில்லை. எனவே ஒரு கணக்கை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள எந்தச் சூத்திரமும் இல்லை.

அலகும் வேறு. ஒரே விளைமீன் ஒரு மணி நேரத்தில் பத்து முறை திரைக்குள் வந்து போகும். வருகிறபோதெல்லாம் எண்ணினால் ஒன்று பத்தாகிவிடும். அதனால் ஒவ்வோர் இனத்திலும், ஒரே காட்சியில் ஒருசேரத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மேக்ஸ்-என் என்பது இதுதான். 23ஆம் நிமிடத்தில் ஏழு விளைமீன் சேர்ந்து தெரிந்து, மற்ற நேரமெல்லாம் இரண்டும் மூன்றுமாக வந்தால் அந்த இறக்கத்தில் விளைமீன் 7. உண்மையில் இருபது வந்து போயிருக்கலாம். மீன் நெருக்கம் கூடக்கூட இந்தக் குறைவும் கூடும். இனங்களின் மொத்த எண்ணிக்கையோ கேமராவை எத்தனை முறை இறக்கினார்கள் என்பதைப் பொறுத்தது. அதே கடலில் 20 முறை இறக்கினால் கிடைப்பதைவிட 60 முறை இறக்கினால் அதிக இனம் கிடைக்கத்தான் செய்யும். கட்டுரையில் இறக்கங்களின் எண்ணிக்கையே இல்லை.

கட்டுரை ஒற்றை வரியில் கடந்துபோன ஒன்று இரை. ஆஸ்திரேலியாவில் இந்த முறையைப் பயன்படுத்துவோர் ஓர் இறக்கத்துக்கு 1 கிலோ வரை நசுக்கிய மத்தி வகை மீனைப் பையில் போட்டு, கேமராவிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் தள்ளி ஒரு கம்பின் நுனியில் கட்டுகிறார்கள். எண்ணெய்ப்பசை உள்ள மீன், அதுவும் நசுக்கியது என்றால்தான் வாடை நீரில் இழையும். முழு மீனாகப் போட்டால் முதலில் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். நம் பக்கம் மத்தியே தோது. ஆனால் மத்தி விலை ஏறிய மாதம் சூடைக்கோ காரலுக்கோ மாறினால், மாறிய நாளோடு ஒப்பீடும் முடிந்தது. பை வலையாக இருந்தால் கிளாத்தியும் பேத்தையும் அதைக் கடித்துப் பிய்த்து இருபது நிமிடத்தில் காலி செய்துவிடும். மீதி நாற்பது நிமிடம் இரையில்லாத கேமராதான் ஓடும். துளையிட்ட பிவிசி குழாயோ கெட்டியான கம்பிவலையோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கேமராவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வேண்டும். ஒரு மணி நேர இறக்கத்துக்குக் குறைந்தது 250 மீட்டர், முடிந்தால் 400. இல்லாவிட்டால் அங்கே தெரிந்த மீனே இங்கேயும் வந்து எண்ணப்படும். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் 21 தீவுகள் சிறியவை, சுற்றியுள்ள பார்களும் (கடலடித் திட்டுகளும்) குறுகலானவை. ஒரு தீவுக்கு எட்டு கேமரா ஒரே நேரத்தில் என்று திட்டம் போட்டால் இடம் எங்கே இருக்கிறது? சிலவற்றை இன்று இறக்கி, மிச்சத்தை நாளை இறக்குவதுதான் வழி. எட்டையும் ஒரே காலையில் முடிக்கும் ஆசையில்தான் இடைவெளியைச் சுருக்குகிறார்கள்.

அடுத்தது கலங்கல். கச்சான் காற்று வலுக்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அடிமண் எழும்பும். தெளிந்த நாளில் 8 மீட்டர் வரை தெரிந்த மீன், கலங்கிய நாளில் 2 மீட்டருக்கு அப்பால் தெரியாது. மீன் எங்கும் போயிருக்காது, கேமராவின் கண்தான் மறைந்திருக்கும். இரைக்கம்பில் வெள்ளை, கறுப்புக் கோடுகள் அடித்து வைத்தால் அருகே உள்ள தெளிவு தெரியும். அதற்கு அப்பால், அளந்த தூரத்தில் ஒரு குறிக்கம்பு நட்டுக் கொள்ளலாம். இரைக்கம்பின் நுனியே தெரியாத படத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆழம் குறைந்த பார்களில் அலையடி நேராக அடிவரை போகிறது. எடை போதாத கேமராச் சட்டகம் மெல்லச் சாய்ந்து, கடைசி அரை மணி நேரம் மணலை மட்டுமே படம் எடுத்துக் கொண்டிருக்கும்.

கருவியை இறக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். படகிலிருந்து தூக்கிப் போட்டால் கிளைப்பவளம் நொறுங்கும். கயிற்றைப் பிடித்து மெதுவாக, பவளங்களுக்கு இடையே உள்ள மணல் திட்டில் கால் பதியும்படி இறக்க வேண்டும். மிதவைக்குக் கீழே சிறு ஈயக்குண்டு ஒன்றைக் கட்டிவிட்டால் மிச்சக் கயிறு மேலே மிதக்காது, வருகிற வள்ளத்தின் இயந்திர விசிறியில் சுற்றாது. அன்று எங்கே இறக்குகிறோம் என்பதைப் பக்கத்து ஊர் மீனவர்களுக்கு முந்தின நாளே சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, கருவிக்கும் பாதுகாப்பு.

கேமராக் கூட்டைப் படகில் வைத்து மூடுவது பெரும்பாலோர் செய்கிற தவறு. உள்ளே அடைபட்ட ஈரக்காற்று, கீழே போய்க் குளிர்ந்ததும் கண்ணாடியில் பனியாகப் படியும், ஒரு மணி நேரமும் வெள்ளைத் திரைதான். ஈரப்பதம் குறைந்த அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிக் கொண்டுபோக வேண்டும். ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலே தண்ணீர் இறங்கிவிடும். கேமரா மாடலை நடுவில் மாற்றினாலோ, அகலக் கோணத்தைக் குறுக்கினாலோ தெரியும் பரப்பு மாறும், அதோடு எண்ணிக்கையும் மாறும். ஒரு மணி நேரத்தைச் சட்டகம் தரையைத் தொட்ட நொடியிலிருந்துதான் எண்ண வேண்டும், கேமராவை இயக்கிய நேரத்திலிருந்து அல்ல.

பெரிய மீன்கள் திரும்பி வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைக் கேமராவால் நீளத்தை நம்பகமாக அளக்க முடியாது. அருகே வந்த சின்ன மீனும் தூரத்தில் நிற்கும் பெரிய மீனும் திரையில் ஒரே அளவாகத் தெரியும். தட்டைக் கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். நீளம் வேண்டுமென்றால் சுமார் 70 செ.மீ. இடைவெளியில், 7 அல்லது 8 பாகை உள்நோக்கித் திருப்பிய இரட்டைக் கேமரா வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் பொருந்த வேண்டும். விநாடிக்கு 30 காட்சி எடுக்கும் கேமராவில் ஒரு காட்சி பிசகினாலே, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் பாரை மீன் 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருக்கும். படகின் விளிம்பில் சட்டகம் ஒருமுறை பலமாக இடித்தால் போதும், மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும்.

கேமராவுக்கே எட்டாதவையும் உண்டு. கல்லிடுக்கில் கிடக்கும் விரல் நீள உளுவைகள், தாழை எனும் கடற்புல்லுக்குள் வால் சுற்றி நிற்கும் கடல்குதிரை இவற்றை மூழ்கிப் பார்ப்பவர்தான் அதிகம் காண்பார். ஆக, பழைய முறையைக் கைவிடச் சொல்வதும் ஏற்புடையதல்ல. கேமராவின் பெரிய லாபம், சந்தேகம் வந்தால் படத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்பது. வேறொருவர் பார்த்து இனப்பெயரைத் திருத்தலாம்.

முறையை மாற்றாமல் செய்தால் எவ்வளவு பெரிய கேள்விக்கும் இது பதில் சொல்லும். 2020இல் நேச்சர் இதழில் வந்த குளோபல் ஃபின்பிரின்ட் ஆய்வில், இரை கட்டிய கேமராக்களை 58 நாடுகளின் 371 பவளத்திட்டுகளில் இறக்கினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு திட்டில் சுறா ஒன்றுகூடத் தென்படவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கருவி, ஒரே முறை என்றிருந்ததால்தான் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு வைத்துப் பார்க்க முடிந்தது.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது எத்தனை இறக்கம், எவ்வளவு நேரம், என்ன இரை, எந்த மாதம், எத்தனை மீட்டர் தெளிவு என்ற விவரங்களைப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். மீன் ஒன்றுகூட வராத இறக்கங்களும் அட்டவணையில் 0 என்று இருக்கிறதா என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். அவற்றை விட்டுவிட்டால் சராசரி தானாக ஏறும்.

ஒரு திருத்தமும் உண்டு. கட்டுரையின் இரண்டாவது படத்தில் சுறா என்று போட்டிருப்பது உழுவை (கிடார் மீன்; மேலே சொன்ன சிறிய உளுவை வேறு). துடுப்பு சுறாவைப்போல நிமிர்ந்திருந்தாலும் தலை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. உடலின் பக்கவாட்டில் செவுள் பிளவு தெரியவில்லை. உழுவைக்கு அது அடிப்பக்கம் இருக்கும், திருக்கையைப்போல. கட்டுரையில் சொன்ன சுறா எண்ணிக்கையில் இதுவும் சேர்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராமநாதபுரம் மாவட்டம்