குளிர் ஊரிலும் லிக்யூர் கெடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மது எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் கெடாது, அதிலும் கொடைக்கானல் குளிரில் கெடவே கெடாது என்னும் எண்ணம் எங்கள் ஊர் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. சென்ற கிறிஸ்துமஸ் வரை நானும் அதை நம்பியிருந்தேன். வெளிநாட்டிலிருந்து மருமகன் கொண்டுவந்த ஐரிஷ் கிரீம் லிக்யூர் (பாலேடு சேர்த்து மணமூட்டிய இனிப்பு மது) பாட்டில், பாதி காலியான நிலையில், ஐந்து ஆண்டுகளாகக் கணப்படுப்பின் மேல்தட்டில் அழகுக்காக நின்றிருந்தது. விருந்தினரின் காபியில் கலப்பதற்காகச் சாய்த்தபோது அது திரிந்த பாலைப் போலக் கட்டிகட்டியாக விழுந்தது. புளித்த வாடையும் அடித்தது. குலுக்கினால் சரியாகிவிடும் என்று சம்பந்தியம்மாள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, முழுவதையும் கொட்டிவிட்டேன்.

லிக்யூர்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. ஆரஞ்சுத் தோல், காபிக்கொட்டை, மூலிகை ஆகியவற்றால் மணமூட்டிச் சர்க்கரை சேர்த்தவற்றில் ஆல்கஹால் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கிருமிகள் வளர்வது அரிது என்பதால், அவை பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். ஆனால் திறந்த பாட்டிலில் காற்றுப் படப்பட மணம் மங்கும், வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். பாட்டிலில் அடைத்த பிறகு பழமையால் சுவை பெரும்பாலும் கூடுவதுமில்லை. பாலேடோ முட்டையோ சேர்ந்தவற்றின் கணக்கு வேறு. பெயர்பெற்ற ஐரிஷ் கிரீம் லிக்யூரான பெய்லிஸில் ஆல்கஹால் 17 விழுக்காடுதான். நேரடி வெயில் படாமல் 0 முதல் 25 டிகிரி செல்சியசுக்குள் வைத்தால், தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு அதன் சுவைக்கு உறுதி என்று அந்நிறுவனமே சொல்கிறது. எங்கள் ஊர்க் காற்று பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கும். கணப்பின் சூடும், சன்னல் வழியே உறைக்கும் மலை வெயிலும், நான் கவனிக்காமல் விட்ட காலக்கெடுவுமே கேடு செய்தன. இருட்டான அலமாரியில், மூடி மேலே இருக்க நிமிர்த்தி வைப்பதே முறை. கிரீம் வகையைத் திறந்துவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

கழுத்திலோ அடியிலோ சர்க்கரை படிந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வெந்நீரில் நனைத்த துணியால் மூடியைத் துடைத்தால் போதும். சோம்பு மணமுள்ள வகைகள் கடுங்குளிரில் கலங்கினாலும், அறைச் சூட்டுக்கு வந்ததும் தெளிந்துவிடும். நான் அதிகம் அஞ்சுவது, பிளம்ஸ் பருவத்தில் பலர் வீட்டிலேயே பழத்தைப் பிராந்தியில் ஊறவைத்து எடுக்கும் லிக்யூரைப் பற்றித்தான். பழத்தின் நீர் இறங்க இறங்க ஆல்கஹாலின் வலு குறைகிறது. மேலே மிதக்கும் பழத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. குமிழி எழுந்தாலோ, மூடி உப்பினாலோ, மேலே வெண்படலம் கண்டாலோ, படலத்தை மட்டும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம் என்று எண்ணாமல் அனைத்தையும் கொட்டிவிட வேண்டும்.

வரும் பிளம்ஸ் பருவத்துக்கு முன் தங்கள் சமையல் பக்கத்தில் இதைப் பற்றி எழுதுமாறும், கிரீம் லிக்யூர் விற்கும் கடைக்காரர்கள் பாட்டிலில் அச்சிட்ட தேதியை வாங்குவோருக்குக் காட்டிக் கொடுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடைக்கானல்