காயம்பட்டவருக்கு ஒரு பாஷோ ஓய்வு கொடுங்கள்

ஜப்பான் சுமோ சங்கத் தலைவர் ஹக்காகு ஓயகாதா அவர்களுக்கும் நிர்வாகக் குழுவிலுள்ள மற்ற ஓயகாதாக்களுக்கும் (சுமோ ஆசான்களுக்கும்),

வணக்கம். என்எச்கே வேர்ல்ட் ஒளிபரப்பும் தொகுப்புகளைப் பார்த்தே சுமோவைக் கற்றுக்கொண்ட வெளிநாட்டு ரசிகர் கூட்டத்தில் நானும் ஒருவன். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. 2003-ஆம் ஆண்டோடு நீங்கள் கைவிட்ட கோஷோ முறையை, வேண்டிய திருத்தங்களைச் செய்து, திரும்பக் கொண்டு வாருங்கள்.

கோஷோ என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். 1972 முதல் இருந்த ஏற்பாடு அது. போட்டியில் காயம்பட்டவர் அடுத்த பாஷோவுக்கு, அதாவது அடுத்த பதினைந்து நாள் போட்டித் தொடருக்கு, வராமல் சிகிச்சை எடுத்துக்கொண்டாலும் தரவரிசையில் அவருடைய இடம் அப்படியே இருக்கும். நாளடைவில், சின்னக் காயத்துக்கெல்லாம் மருத்துவச் சான்றிதழ் வாங்கி வந்து விடுப்பு கேட்கிறார்கள் என்ற புகார் கிளம்பியது. 2004 ஜனவரியிலிருந்து முறையையே எடுத்துவிட்டீர்கள். ஈடாக முதல் பிரிவில் 40 பேரை 42 ஆக்கினீர்கள், இரண்டாம் பிரிவான ஜூர்யோவில் 26 பேரை 28 ஆக்கினீர்கள். அன்று முதல், வராத நாள் தோற்ற நாளோடு சேர்த்தி. மல்யுத்த மேடையான தொஹ்யோவின் மேலேயே எலும்பு முறிந்திருந்தாலும் கணக்கு மாறாது.

வருடத்துக்கு ஆறு பாஷோ. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆறேழு வாரம், அதிலும் பெரும்பாலும் பாதி ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணத்தில் கழிகிறது. முழங்காலில் தசைநார் அறுந்தவர் அதற்குள் எங்கே குணமாவது? ஓய்வெடுத்தால் தரவரிசையில் சரிகிறார். ஜூர்யோவின் கடைசிப் படிகளில் இருப்பவர் ஒரு பாஷோ வராமல் இருந்தால் போதும், மூன்றாம் பிரிவான மகுஷிதாவுக்குப் போய்விடுவார். ஜூர்யோவில் மாதச் சம்பளம் 11 லட்சம் யென். மகுஷிதாவில் சம்பளமே கிடையாது, பாஷோவுக்கு ஒருமுறை ஒரு படித்தொகை மட்டும். தனி அறை போகும், உதவிக்கு இருந்த பையன்கள் போவார்கள், பட்டு மவாஷி (இடுப்புக் கச்சை) போய்க் கறுப்புப் பருத்தி வரும். இவ்வளவையும் இழக்கத் துணிந்து யார் படுத்திருப்பார்? முழங்காலில் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு ஏறத்தான் செய்வார்.

தெருநோஃபுஜியின் கதையை நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். சொல்ல வேண்டிய கதைதான். 2015-இல் சுமோவின் இரண்டாவது உயர்ந்த பட்டமான ஒசேக்கி ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் முழங்கால் போனது. ஒசேக்கிக்கு உள்ள விதி எல்லோருக்கும் தெரியும்: அடுத்தடுத்து இரண்டு பாஷோவில் பாதிக்கு மேல் ஜெயிக்காவிட்டால் பட்டம் போய்விடும். அதனால் ஒரு பாஷோவில் தோற்று, அடுத்ததில் எப்படியோ எட்டு வெற்றி தேற்றி, மறுபடி தோற்று என்று கெட்ட காலோடு இரண்டு வருடம் இழுத்தார். 2017-இல் பட்டமும் போனது. அறுவை சிகிச்சை, நீரிழிவு, கல்லீரல் அழற்சி என்று வரிசையாக வந்தன. 2019 மார்ச்சில் அவர் திரும்பி வந்தபோது இடம் ஜோநிதான் 48, ஆறு பிரிவுகளில் ஐந்தாவது. விட்டுவிடுகிறேன் என்று அவர் பலமுறை கேட்டும் அவருடைய குருவான ஓயகாதா ஒப்புக்கொள்ளவில்லை. 2020 ஜூலையில் முதல் பிரிவுக்குத் திரும்பிய பாஷோவிலேயே கோப்பை. 2021-இல் 73-ஆவது யோகோசுனா, சுமோவின் உச்சப் பட்டம். மொத்தம் பத்துக் கோப்பைகளோடு 2025 ஜனவரியில் ஓய்வு.

கைதட்டிய கூட்டத்தில் நானும் உண்டு. ஆனால் அந்த இரண்டு வருடத்தைப் பாருங்கள். 2015 செப்டம்பருக்குப் பிறகு இடம் பறிபோகும் பயமில்லாமல் ஒரே ஒரு பாஷோ படுத்திருக்க முடிந்திருந்தால், ஜோநிதான் வரைக்கும் போய் வர வேண்டியிருந்திருக்குமா? அப்படிப் போய்த் திரும்பி யோகோசுனா ஆனவர் அவர் ஒருவர்தான். ஊராவும் முழங்காலால் அதே பிரிவு வரை இறங்கி முதல் பிரிவுக்கு ஏறி வந்தார். திரும்பி வராதவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

யோகோசுனாவுக்குப் பதவியிறக்கம் இல்லை, அவருக்கு இந்தத் தொல்லை ஏது என்று கேட்கலாம். அவருக்கு வேறு விதமான தொல்லை. 2001 மே மாத பாஷோவின் 14-ஆம் நாள் யோகோசுனா தகானோஹானாவின் முழங்கால் கெட்டது. மறுநாள் அந்தக் காலோடு முசாஷிமாருவை வென்று கோப்பை வாங்கினார். வலியைத் தாங்கிப் போராடினீர்கள் என்று பிரதமர் கொய்சுமியே பாராட்டினார். அப்புறம் ஏழு பாஷோ அவர் வரவில்லை. 2003 ஜனவரியில் விலகினார். 2017-இல் கிசேனோசாத்தோ. பத்தொன்பது வருடம் கழித்து ஜப்பானில் பிறந்த ஒருவர் யோகோசுனா ஆனதில் நாடே கொண்டாட்டத்தில் இருந்தது. அந்தப் பட்டத்தோடு ஆடிய முதல் பாஷோவின் 13-ஆம் நாள் நெஞ்சும் தோளும் அடிபட்டன. கடைசி நாளில், ஏற்கெனவே முழங்கால் கெட்டிருந்த அதே தெருநோஃபுஜியை அடுத்தடுத்து இரண்டு முறை தோற்கடித்துக் கோப்பை வாங்கினார். பிறகு எட்டு பாஷோ, முழுதாகவோ பாதியிலோ விடுப்பு. யோகோசுனா ஆலோசனைக் குழு அவருக்கு 'ஊக்கம்' தரும் தீர்மானம் போட்டது. காயம் ஆற விடுப்பு தரும் தீர்மானம் என்று ஒன்று அந்தக் குழுவிடம் இல்லை. 2019 ஜனவரியோடு அவரும் போனார். காயத்தோடு வாங்கிய அந்தக் கோப்பைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரு கோப்பைகூட வரவில்லை.

கைதட்டலில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விதியை எழுதும் பேனா உங்களிடம் அல்லவா இருக்கிறது.

மறுபடி ஏமாற்றுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதைத் தடுக்க முடியும். சான்றிதழை வீரரின் ஹேயாவுக்கு (பயிற்சிக் கூடத்துக்கு) பழக்கமான மருத்துவரிடம் வாங்காமல், சங்கம் நியமிக்கும் மருத்துவக் குழு ஸ்கேன் பார்த்துத் தரட்டும். அதிகாரப்பூர்வப் போட்டியில் பட்ட காயத்துக்கு மட்டும், ஒருவருக்கு வருடத்தில் ஒரு முறை. விடுப்பில் இருப்பவர் சுற்றுப்பயணத்தில் மல்யுத்தம் செய்தால் சலுகை ரத்து. ஒசேக்கிக்கும் இது பொருந்த வேண்டும்.

இன்னொன்று. வராதவருக்கு இடத்தைக் காத்து வைக்க முடியாது என்று நீங்கள் சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் கொரோனாவால் ஹேயா ஹேயாவாக வீரர்கள் வராதபோது அவர்களின் தரத்தைக் காப்பாற்றினீர்கள். தரவரிசைப் பட்டியலான பன்சுகே ஒன்றும் குலைந்து போகவில்லை. கிருமிக்குக் கொடுத்ததை முறிந்த எலும்புக்கும் கொடுக்கலாமே.

அதே 2021 மார்ச்சில் டோக்கியோவின் ரியோகொகு அரங்கில் ஹிபிகிர்யூ என்ற வீரர் தலைகுப்புற விழுந்தார். சில நிமிடங்கள் அசையாமல் முகங்குப்புறக் கிடந்தார். ஏப்ரல் 28-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார், வயது 28. விழுந்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடங்களை ஒளிபரப்பில் பார்த்த யாருக்கும், மருத்துவர் தொஹ்யோவை ஒட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருந்திருக்காது. கோஷோவைப் பற்றிப் பேச உட்காரும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

எல்லாப் பிரிவுக்கும் ஒரேயடியாகக் கொண்டு வர மனமில்லையென்றால், ஜூர்யோவிலும் மகுஷிதாவின் மேல் பாதியிலும் இரண்டு வருடம் சோதித்துப் பாருங்கள். சம்பளம் தொடங்குவதும் நிற்பதும் அங்கேதான். காயத்தை மறைத்துக்கொண்டு மேடை ஏறவேண்டிய நெருக்கடியும் அங்கேதான் அதிகம்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் சுமோ ரசிகன்